பொன்னுக்குவீங்கி வந்த மயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா இருந்தார், அம்மாவின் தம்பியான மாமா இருந்தார், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் இருந்தேன். அப்பா இல்லை, சரக்கு அனுப்ப வேண்டும் என்று கம்பெனியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கரண்டும் இல்லை. நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

மாமா வாரம் ஆறு நாளும் வேலம்பாளையத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் பனியன்களுக்கு அச்சடிப்பார். ஏழாம் நாள் படம் வரைவார். மடத்துக்குளம் பக்கம் சோளக்காட்டில் பகல் முழுக்க மயில்களைப் பார்த்துவிட்டு வந்தால், சுவர், காலண்டரின் பின்பக்கம், என் நோட்டு அட்டை என்று எதையும் விடமாட்டார். அப்படி வரைந்த மயில் ஒன்று பழநிக்குப் பாதயாத்திரை போகும் குழுவின் குருசாமிக்குப் பிடித்துப்போனது. முப்பது மஞ்சள் பனியன்களைக் கொடுத்து, அதை அச்சடித்துத் தரச் சொன்னார். அவரே சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தவர்.

"இது நல்லா வந்துச்சுன்னா எங்க கம்பெனி பிரிண்டிங் பூராம் உங்களுக்குத்தானுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதாவது, கூலி வேலையை விட்டுவிட்டு மாமா சொந்தமாக அச்சு மேசை போட்டுவிடலாம். அன்று மாலை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

சாயம் கலக்க இரண்டு டப்பாக்களில் வெள்ளைப் பசை இருந்தது. ஒன்று சாதாரணம். இன்னொன்று பஃப், சூடு பட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். பட்டறை முதலாளி சாம்பிள் போட்டுப் பார்க்கக் கொடுத்தது. ஆங்கில லேபிளைப் படிக்க எங்கள் வீட்டில் என் ஒருவனால்தான் முடியும். மாமா மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார். நீலம் சாதாரணம், சிவப்பு பஃப். காலையில் அந்த மூடிகளைக் கழற்றி ஜால்ராவாகத் தட்டிக்கொண்டு தெருக்கோடிவரை காவடி ஆடிவிட்டு, பொறுப்பாகத் திரும்ப மூடியும் வைத்தேன். மாற்றி.

பசை கொஞ்சம் கெட்டியாக இருந்ததைப் பங்குனி வெயிலின் வேலை என்று மாமா நினைத்துக்கொண்டார். முப்பதையும் அச்சடித்துக் காயவைத்தபோது மயில்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் சாயம் துணியில் நிற்கச் சூடு காட்ட வேண்டும். பட்டறையில் அதற்கு மிஷின் உண்டு. வீட்டில் அம்மாவின் இஸ்திரிப்பெட்டிதான். கரண்டு நாலு மணிக்கு வந்தது. அம்மா பனியன்களை உள்பக்கம் திருப்பிப் போட்டு மளமளவென்று தேய்த்து அடுக்கினார். பதினைந்து முடிந்த பிறகுதான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"டேய் தம்பி, இங்க வாடா! மயிலுக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருக்குதுடா!"

கழுத்தும் தோகையும் கொண்டையும் புசுபுசுவென்று உப்பி நின்றன. மாமா டப்பாவைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுற்றத் தொடங்கியிருந்த ஃபேனைப் பார்த்தேன்.

"மிச்சத்தையும் தேச்சுப் போடுக்கா."

"வெளையாடறயா? அந்த மனுசன் மூஞ்சீல வீசிட்டுப் போயிருவாரு."

"பாதி வீங்கி, பாதி வீங்காம இருந்தாத்தான் தப்பு. முப்பதும் வீங்கிருச்சுன்னா அது டிசைனு."

அம்மா சிரித்துக்கொண்டே தேய்த்தார். மாமா சிரிக்கவில்லை. கையில் ஒன்றும் ஒட்டியிருக்காதபோதும் லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குருசாமி வந்தார். ஒரு பனியனை விரித்து, மயிலின் கழுத்திலிருந்து தோகைவரை கட்டைவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"ஏனுங் தம்பி, இது என்னங்க, உசுரோட இருக்குது?"

"உங்களுக்குன்னு வேணும்னே செஞ்சதுங்க சாமி."

"அப்ப இதுக்குத் தனி ரேட்டுங்களா?"

"பேசுன காசு போதுமுங்க."

குருசாமி சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பிள்ளைகள் வரிசைகட்டி அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்கள். வரிசையில் முதல் ஆள் நான்.

மறுநாள் டப்பாக்களின் வயிற்றில் மாமா படம் வரைந்திருந்தார். சாதாரணத்தில் ஒரு சப்பாத்தி, பஃப்பில் ஒரு பூரி. பசியில் வரைந்திருப்பார் என்று நினைத்தேன். மூடியை மாற்றியது யார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது என்று பல வருடம் நிம்மதியாக இருந்தேன். இன்று அவரிடம் நான்கு மேசைகள் ஓடுகின்றன. எல்லா டப்பாவிலும் படம் உண்டு. காலியான அந்தப் பஃப் டப்பாவுக்காக, "கை தவறிக் கொட்டிட்டேனுங்க" என்று முதலாளியிடம் சொல்லித் தன் கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்பதை அம்மா போன மாதம்தான் சொன்னார். அறுநூற்று நாற்பது ரூபாய்.