வெள்ளையம்மாவைப் பேர் கூப்பிட்ட காலை

பெர்மாஸ் ஜெயாவில் உள்ள முதியோர் இல்லத்தில் கெர்ட்ரூட் உடற்பயிற்சி நடத்த வந்து ஆறு வருடம் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்க வேண்டும், காலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கே முதல் மாதம் நாலு பேர்தான் வந்தார்கள்.

அங்கே பாதிப்பேர் சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்கள். கெர்ட்ரூடின் அப்பாவும் அப்படித்தான். விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, தோட்டக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும் பெரட்டு அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூடத்தில் நின்று, கிராணியைப் போலவே குரலை உயர்த்திப் பேர் கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்தார்கள். மறுவாரம் நாற்காலி போதவில்லை. ஆண்டவர் தந்த யோசனை என்று நன்றி சொன்னாள்.

எப்போதும் முதல் ஆள் வெள்ளையம்மாதான். எண்பது வயது. "கிராணியம்மா, இந்த அய்யாவு தினமும் லேட்டு. அரை நாள் சம்பளம்தான் போடணும் லா" என்பாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தலை சுற்றுகிறது, வலது கை கனக்கிறது என்று பக்கத்துக் கட்டில் ராசம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். படுத்திரு, நர்சைக் கூப்பிடுகிறேன் என்று ராசம்மா போவதற்குள் கூடத்தில் பேர் கேட்டுவிட்டது. வெள்ளையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அவளுக்கு இடது கை மட்டும் மேலே போனது.

"ரெண்டு கையும் பெரியம்மா, ஏமாத்தாதீங்க" என்றாள் கெர்ட்ரூட். கூடமே சிரித்தது. வெள்ளையம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சும் குழறியது. முடியலன்னு சொல்லியிருக்கலாமே என்று கெர்ட்ரூட் கட்டிலோரம் அழுதாள்.

"பேரு கூப்பிட்டாங்கல்ல" என்றாள் வெள்ளையம்மா, அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்பதைப் போல. "புள்ள பெத்த மூணாவது வாரமே பெரட்டுல போய் நின்னவ நான்."

காய்ச்சலோடு அப்பா பெரட்டுக்குப் போனதைச் சிறு வயதில் வாசலில் நின்று பார்த்தவள் கெர்ட்ரூட். அது எப்படி மறந்துபோனது? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். இது பாவமில்லை என்று ஃபாதர் சொல்லிவிட்டார். மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது நோட்டு இல்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய், இன்றைக்கு முடியுமா என்று மெல்லக் கேட்கிறாள். ஏழு பேர் வந்தால் அதிகம்.

கடைசிக் கட்டிலில் வெள்ளையம்மா தினமும் தலையைத் திருப்பிக் கேட்கிறாள்.

"என் பேரக் கூப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல பெரியம்மா."

அப்போதுதான் அவள் தலை தலையணையில் சாய்கிறது.