சிங்கப்பூர் வழியாகக் கரியாலூர்

கச்சிராயபாளையத்தில் இன்டர்நெட் லைன் கொடுக்கும் இளவரசனுக்கு மச்சானைக் கேட்காமல் ஒரு காரியமும் ஓடாது. மச்சான் என்றால் மனைவி ராதிகாவின் அண்ணன் சிவசங்கர். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. பைக் என்ன கலரில் எடுக்கலாம், பல்வலிக்கு எந்த மாத்திரை போடலாம், எல்லாவற்றுக்கும் போன் அங்கேதான் போகும். மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை, கேட்காததற்கும் சேர்த்தே பதில் சொல்வார்.

அப்படிப்பட்ட இளவரசன் மலைமேல் இருக்கும் கரியாலூர் வரை ஏறிக் கேபிள் இழுத்தது பெரிய விஷயம்தான். அங்கே முதலில் லைன் வாங்கியவர் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி நடத்தும் ஷாலினி. அவரைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் வாங்கின. அந்த ஷாலினியே ஒரு நாள் போனில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணே இது, படம் போட்டா சுத்திக்கினே இருக்குது. தங்க வந்தவங்க மூஞ்சில முழிக்க முடியல. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் உங்க ஒயர நீங்களே சுருட்டிக்கினு போய்டுங்க."

ஷாலினி போனால் மலை மொத்தமும் போய்விடும். இளவரசன் பெட்டியை மாற்றினார், கேபிளைச் சோதித்தார், வழியெல்லாம் குரங்குகளைத் திட்டினார். பாவம், குரங்குகள் ஒன்றும் செய்யவில்லை.

சனிக்கிழமை சாப்பிடும்போது ராதிகாவிடம் புலம்பினார். "ஒரு வெப்சைட் பேர அடிச்சா அதோட அட்ரஸ் சொல்றதுக்குன்னே சர்வர் இருக்குது. கேக்கறது எந்த ஊர்லேந்துன்னு பாத்து, படம் வெச்சிருக்கற சர்வருங்கள்ல கிட்டக்க இருக்கறதுக்கு அனுப்பும். நமக்கு மெட்ராஸ்லயே இருக்குது. ஆனா நம்ம படமெல்லாம் சிங்கப்பூர்லேந்து வருது!"

"நமக்காவ யாருங்க போய் கேக்கறாங்க?"

"உங்க அண்ணன் வெச்சிக் குடுத்த மெஷினுதான். எல்லாரோட கேள்வியும் அதும் வழியாதான் போவுது. அது சிங்கப்பூர்ல..."

ராதிகா தோசைக்கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். "மிக்சி ரிப்பேருக்குப் பக்கத்துல கட எதுன்னு அண்ணனக் கேட்டீங்களே, இன்னா அனுப்பிச்சாரு?"

மச்சான் தன் போனில் தேடி, தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த கடையை அனுப்பியிருந்தார். மிக்சி இன்னும் பரண்மேல்தான் கிடந்தது.

"எங்க அண்ணன் நல்லவருதான், நான் இல்லன்னல. ஆனா அவரு போய்க் கேட்டா அவருக்குப் பக்கத்துலதான காட்டுவாங்க?"

இளவரசன் தோசையைப் பாதியில் விட்டு எழுந்தார். கேள்விகளெல்லாம் இனி சென்னையிலிருக்கும் மெஷின் வழியாகவே போகும்படி மாற்றினார். பழக்கதோஷத்தில் மச்சானைக் கேட்கப் போனை எடுத்தவர், ராதிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஷாலினியே கூப்பிட்டார். "படம் ஜம்முனு ஓடுதுண்ணே! இன்னா பண்ணீங்க?"

"வூட்ல கேட்டேன்மா," என்றார் இளவரசன்.

காலையில் மிக்சியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி எடுத்து வந்தார். "ராதிகா, இத எந்தக் கடைல குடுக்கலாம்?"

கல்யாணம் ஆனதிலிருந்து ராதிகா எதிர்பார்த்த கேள்வி அது. சட்டென்று கண் கலங்கிவிட்டது. சிரித்துச் சமாளித்தார்.

"உங்க ஆபீசுக்குக் கீழ இருக்கற கடதாங்க."