கங்காணிக்கு இடமில்லாத கணக்கு

பூச்சி எண்ணுகிற உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்: ஊருக்குப் போனால், என்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சந்துவழியாகத்தான் வீடு போய்ச் சேர வேண்டியிருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு அந்த வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, லென்ஸும் கையுமாக இலைக்கு அடியில் சிவப்புப் பூச்சியையும், அதைத் தின்னும் பொறிவண்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தேதியை மறந்தது

பூச்சி பெருகினால் வண்டு பெருகும். வண்டு பெருகினால் பூச்சி குறையும். தீனி இல்லாமல் வண்டும் குறைய, பூச்சி மறுபடி தலைதூக்கும். ஒன்றையொன்று இழுப்பதால் இது நேர்க்கோட்டுக்கு அடங்காத கணக்கு என்று, சீமையிலிருந்து வந்த ஒரு கட்டுரையை வைத்து ஆராய்ச்சித் துரை சொல்லிக்கொடுத்தார். நானோ வரைபடத்தின் அடியில் தேதியையே எழுதிக்கொண்டிருந்தேன். தேதியை மறந்துவிடு, கீழ்க்கோட்டில் பூச்சியின் எண்ணிக்கை, பக்கக்கோட்டில் வண்டின் எண்ணிக்கை என்றார் அவர்.

அப்படிப் புள்ளி வைத்ததும் கோடு மெல்ல வட்டமாக வளைந்தது. சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கொழுந்து பறிக்கிற மருதாயியிடம் பெருமையாகச் சொன்னேன். "தேதியை மறந்துட்டா லீவு எப்படீங்க கேக்கறது?" என்றாள்.

பெங்களூர் ஆசை

கோடு முக்கால் வட்டம் வந்திருந்தது. வட்டம் முழுசானால், தான் பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்கு மாறும்போது என்னையும் கூட்டிப்போவதாகத் துரை சொன்னார். அப்புறம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பனியில் விரல் விறைக்க எண்ணும்போதெல்லாம், பெங்களூரில் ஒரு மேஜை, ஒரு கரும்பலகை, நாள் முழுக்கக் கணக்கு என்று ஏங்கினேன். காதலிக்காகக்கூட ஒருத்தன் அப்படி ஏங்கியிருக்க மாட்டான்.

வட்டம் முழுசாக, பூச்சி மறுபடி பெருக வேண்டும். அதற்காகச் சாமி கும்பிட்ட ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் நான்தான். கங்காணி ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏனுங்க, நீங்க தோட்டத்துப் பக்கமா, பூச்சி பக்கமா?"

துரை வந்த நாள்

சாமி செவிசாய்த்தது. பூச்சி ஏறி, இலைகள் சிவந்தன. கடைசி எண்ணிக்கையைப் பார்க்கத் தானே வருவதாகத் துரை சொல்லியனுப்பினார். எந்தத் துரை வந்தாலும், அதற்கு முன்னால் பாதை கூட்டி, களை எடுத்துப் பளிச்சென்று வைப்பது தோட்டத்து வழக்கம். நாங்கள் போனபோது சிவந்த இலை ஒன்றுகூட இல்லை. விடிந்ததும் ஆள் விட்டு, எல்லாவற்றையும் கிள்ளி நெருப்பில் போட்டிருந்தார் கங்காணி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரைத் திட்டவும் வழியில்லை. துரை முன்னால் என் மானம் போகக்கூடாது என்றுதான் செய்தாராம். துரை குனிந்து ஒரு பச்சை இலையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்தச் சமன்பாட்டில் கங்காணிக்கு இடமே இல்லையே."

ஞாயிற்றுக்கிழமைகள்

துரை தனியாகப் பெங்களூர் போனார். அங்கிருந்து சீமைக்கே போய்விட்டதாகக் கேள்வி. என்னை ஆபீஸ் கிளார்க் ஆக்கினார்கள். மனசு கேட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமைகளில் லென்ஸை எடுத்துக்கொண்டு போய், முதல் புள்ளியிலிருந்து மறுபடி தொடங்கினேன். கடைசியில் ஒரு கோடையில், கோடு வளைந்து வந்து புறப்பட்ட இடத்தைத் தொட்டது. காட்டத் துரை இல்லை. மருதாயியிடம்தான் காட்டினேன். விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சுத்தியும் கெளம்புன எடத்துக்கேதானுங்களா வந்துச்சு?" என்றாள்.

பெங்களூரை இன்றுவரை கண்ணால் பார்த்திராத நான், 'ஆமாம்' என்பதைத் தவிர அவளுக்கு வேறு என்னத்தைச் சொல்ல?