மாத்திரைக்கு முளைத்த தாடி

கழுவக்கா என்றால்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுகிறாள். எந்தக் குடுவையை யார் உடைத்தார்கள், உடைத்துவிட்டு யார் காற்றின் மேல் பழி போட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அன்று காலை பேராசிரியர் அறையிலிருந்து வந்து அவள் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார்கள். குடுவைகள் சரியாகக் கழுவப்படாததால் மூன்று மாதமாகச் சோதனை தோல்வியாம். மாலை நான்கு மணிக்குள் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடுமாம். அடியில் ஒரு கோடு, அதன் கீழே 'தவறு செய்தவர் கையொப்பம்'.

வீட்டில் கணவருக்கு முழங்கால் போய்த் தையல் மெஷின் தூங்குகிறது. இதுவும் போனால் அடுப்பில் என்னத்தை வைப்பது? ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். கழுவத் தெரியாதவள் என்று எழுத்தில் எழுதிவிட்டார்களே, பாவிகள்!

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. சாயம் கலந்த சிவப்புத் தண்ணீரில், காந்தத்தில் ஒட்டும் கரித்தூளையும் கொஞ்சம் உப்பையும் போட்டுக் கலக்கினால், சாயம் சிதைந்து தண்ணீர் தெளிய வேண்டும். பிறகு வெளியே ஒரு காந்தத்தைக் காட்டினால் தூள் ஓரமாக ஒதுங்கிவிடும். காகிதத்தில் எல்லாம் ஜோர். குடுவையில்தான் சிவப்பு அசைந்து கொடுக்கவில்லை.

கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டியடியில் வழக்கம்போலச் சுரண்டிக்கொண்டிருந்தவள், மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டென்று கையை நிறுத்தினாள். நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். ஆராய்ச்சி செய்யும் பெண் அழுத முகத்தோடு அங்கே நின்றிருந்தாள்.

"சார், மாத்திரைக்குத் தாடி முளைச்சிருக்கு."

"உடம்பு சரியில்லன்னா லீவு போட்டுட்டுப் போம்மா. மாத்திரை கீத்திரைன்னு உளறாத."

"கலக்குற காந்தத்தைத்தான் அக்கா சொல்றாங்க சார்" என்றாள் அந்தப் பெண். குடுவைக்குள் சுழன்று தண்ணீரைக் கலக்கும் வெள்ளைக் காந்தத் துண்டு அது. அச்சு அசல் மாத்திரை போலவே இருக்கும்.

"அதேதான்! தினமும் அதைச் சுரண்டி என் நகமே கருத்துப்போச்சு. நீங்க போடுற தூள் பூரா அது மேலதான் ஒட்டிக்கிட்டுச் சுத்துது. தண்ணியில எங்க இருக்கு? காந்தத்துல ஒட்டுற தூளைக் காந்தத்தாலயே கலக்குறது, பூனையைப் பாலுக்குக் காவல் வெச்ச கதைதான்!"

பேராசிரியர் திருதிருவென விழித்தார். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கழுவுனியான்னுதான் கேட்டீங்க. கழுவுனேன்னு சொன்னேன். உங்க சோதனை என்ன கதியாச்சுன்னு என்கிட்ட யாரு சொன்னா?"

மாத்திரையை எடுத்து எறிந்துவிட்டு, புதிதாகத் தூள் போட்டு, கண்ணாடிக் குச்சியால் கையாலேயே கலக்கினார்கள். பெண்ணுக்குக் கை வலித்தபோது அக்கா வாங்கிக் கலக்கினாள். அரை மணி நேரத்தில் சிவப்பு வெளிறி, காந்தம் காட்டியதும் கருப்பும் ஒதுங்கி, தண்ணீர் தண்ணீராக நின்றது. பெண் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அக்கா அழவில்லை. இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்து, அந்தக் கோட்டில் ஈர விரலை வைத்தாள்.

"மணி நாலாகப் போகுது சார். இதுல யாரு கையெழுத்துப் போடணும்?"

பேராசிரியர் தண்ணீரைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பேனாவை எடுத்துத் தானே கையெழுத்துப் போட்டார். தேதி போட மறந்துவிட்டார். அதையும் போட வைத்துத்தான் அவள் தொட்டிக்குத் திரும்பினாள்.