பொங்கல் வரை தங்கிய சுவிஸ் விருந்தாளி

கைக்கடிகாரம் விற்கும் தொழிலின் தனிச்சிறப்பு, கடைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் கைபேசியில் மணி பார்த்துவிட்டே நுழைவதுதான். கடை வைத்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடைக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மழைச்சட்டை அணிந்து வந்தால் எப்படியிருக்கும், அப்படித்தான்.

என் கடை நெய்வேலி டவுன்ஷிப் கடைத்தெருவில் இருக்கிறது. ஷிப்ட் பஸ் போவதைப் பார்த்தே மணி சொல்லிவிடும் ஊர் இது. ஆயினும் திருமணத்துக்கும் பணி ஓய்வுக்கும் ஒரு வாட்ச் வேண்டும் என்னும் நல்வழக்கம் எஞ்சியிருந்ததால் நானும், விற்பனையைக் கவனிக்கும் ஜாபர் பாயும் பிழைத்து வந்தோம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சென்னை ஏஜென்சிக்காரர் ஒருவர் சுவிஸ் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து என் கண்ணாடிப் பெட்டியில் அமர்த்தினார். அதன் விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கலாம். பொங்கலுக்குள் அதை விற்றாக வேண்டும். இல்லையேல் சாதாரண வாட்சுகளையும் சேர்த்து ஏஜென்சி முழுவதும் கடலூர்க் கடை ஒன்றுக்குப் போய்விடும். போனால் நான் கடையைப் பூட்டிவிட்டு, பெங்களூரில் மகனுடைய அடுக்ககத்தில் ஓர் அலங்காரப் பொருளாக அமர வேண்டியதுதான். ஜாபர் பாய்க்கு அந்த வசதியும் இல்லை. ஏஜென்சிக்காரர் விடைபெறும்போது ஆறுதலாக ஒன்று சொன்னார்: "இனிமே லக்சுரி மார்க்கெட்டே யங்ஸ்டர்ஸ்தான் மேடம்."

படப்பிடிப்பு

முதலில் வந்த யங்ஸ்டர், தந்தையின் குவார்ட்டர்ஸில் அமர்ந்தபடியே அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்பவர். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்தும் இறக்கியும், தாடையைத் தடவுவது போலவும் தலைமுடியைக் கோதுவது போலவும் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டார். வெளிச்சம் போதவில்லை என்றதால் ஜாபர் பாய் மேசை விளக்கை ஏந்தி நின்றார். விற்பனைத் தொழிலில் பணிவு இன்றியமையாதது என்பதால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

இறுதியில் கடிகாரத்தைக் கழற்றிப் பட்டுத்துணியில் பத்திரமாக வைத்தார். பில் போடலாமா என்று கேட்டேன். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வந்தது: "போட்டோ போட்டாச்சு மேடம். இனிமே வாங்கினா வேஸ்ட்தானே?"

முதலீட்டாளர்

அடுத்தவர், விருத்தாசலத்தில் வங்கி வேலை பார்க்கும் பெண். கல்வியறிவு உடையவர், கேள்விகளும் அவ்வாறே இருந்தன. மூன்றாண்டு கழித்து விற்றால் என்ன கிடைக்கும், இதன்மேல் கடன் தருவார்களா, தங்கத்தைவிட வேகமாக ஏறுமா என்று அடுக்கினார். கடிகாரம் ஏறாது, ஓடும் என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு அது போதவில்லை. கடிகாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வேலைக்கு உதவாத பட்டதாரியைப் பார்க்கும் நேர்முகத் தேர்வாளரின் இரக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. "அப்ப இத வெச்சிக்கினு மணி பாக்கறத தவிர வேற ஒண்ணுமே பண்ண முடியாதா மேடம்?"

ஒரு நாள் மாப்பிள்ளை

காடாம்புலியூரிலிருந்து வந்த சிவா, அனல் மின்நிலையத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. என் முதுகலைப் பட்டம் சட்டமிட்டுச் சுவரில் தொங்குவது அவன் கண்ணில் படவில்லை போலும். எடுத்த எடுப்பிலேயே "ஆயா" என்றான். ஞாயிறன்று பெண் பார்க்கப் போகிறானாம். கடிகாரத்தை ஒரே ஒரு நாள் வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டான்.

"பொண்ணு வூட்ல வேலை பர்மனென்ட்டான்னு வாயத் தொறந்து கேக்கறதுக்கு முன்னாடி கையத்தான் பாக்கறாங்க ஆயா. இது இருந்தா கேக்கவே மாட்டாங்க" என்று காரணமும் சொன்னான். மாப்பிள்ளையையே தவணையில் எடுக்கும் காலத்தில் கடிகாரத்தை வாடகைக்குக் கேட்பது பெரிய குற்றமில்லைதான். ஆனாலும் மறுத்தேன். திருமணத்துக்குப் பின் அந்தப் பெண் வாட்ச் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றும் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிடுவேன் ஆயா."

அப்பாவின் ஐயம்

மார்கழியில் ஒருவர் ஏறக்குறைய வாங்கியேவிட்டார். சுரங்கத்தில் புதிதாகப் பர்மனென்ட் ஆன இளம் பொறியாளர். உடன், அதே சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்ற தந்தை. மகனின் சம்பளம் கார், கைபேசி, கோவா பயணம் ஆகியவற்றின் தவணைகளாக ஏற்கெனவே பிரிந்து போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபமில்லை. ஜாபர் பாய் பெட்டியைத் துடைக்கவே தொடங்கிவிட்டார்.

அப்போது மகன், இதற்கு எப்போது பேட்டரி மாற்ற வேண்டும் என்று கேட்டுத் தொலைத்தார். பொய் சொல்லி விற்பது என் வழக்கமன்று. இதில் பேட்டரி கிடையாது, கை அசைவதால்தான் ஓடும், இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். நிலக்கரி பெல்ட் ஓடும் இடத்தில் கையில் வாட்சோ மோதிரமோ இருக்கக் கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும் என்று தந்தை நினைவூட்டினார். வீட்டில் அசைவு உண்டா என்று நான் விசாரித்தேன். தந்தை மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன ஓட வெக்கறதுக்கே எனக்கு இருபத்தஞ்சு வருசம் ஆச்சு மேடம். இவன் இத ஓட வெப்பானா?"

பங்காளிகள்

பொங்கலுக்கு முந்தைய வாரம். ஏஜென்சிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, கடலூர்க் கடையில் குளிர்சாதன வசதி இருப்பதாக நான் கேட்காமலே தெரிவித்தார். ஜாபர் பாய் அன்று தேநீர்கூடக் குடிக்கவில்லை. மாலையில் சிவா மீண்டும் வந்தான். கூடவே அன்வர், சபரி என்று இருவர், அவர்களும் கான்ட்ராக்ட்தான்.

"வாடகைக்கு இல்ல ஆயா, வாங்கறதுக்கு. மூணு பேரும் சேர்ந்து சீட்டு எடுத்திருக்கோம்" என்றான் சிவா. ஒரு கடிகாரம், மூன்று முதலாளிகள். எப்படிப் பங்கிடுவீர்கள் என்று கேட்டேன். மூவரும் எப்போதும் வெவ்வேறு ஷிப்டாம். ஷிப்ட் முடிந்து வெளியே வருபவன் கையில் அது ஏறும். அடுத்த ஷிப்ட் முடிந்து வருபவனிடம் பஸ் நிறுத்தத்தில் மாறும். பெண் பார்க்கும் நாளுக்கு ஸ்பெஷல் டூட்டி. முகூர்த்தங்கள் ஒரே தேதியில் வந்துவிட்டால்? "ஒருத்தன் கல்யாணத்தன்னிக்கு மத்த ரெண்டு பேரும் எப்படியும் லீவு போட்டுட்டு வருவோங்க. அன்னிக்கு வேற எவனுக்கும் கல்யாணம் கெடையாது" என்று அன்வர் சட்டத்தைத் தெளிவுபடுத்தினான். பில் யார் பெயருக்கு என்பதில்தான் சற்று நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மூன்று பெயரையும் எழுதினேன். ஜாபர் பாய் பணத்தை வாங்கி வைத்துவிட்டுத் தேநீருக்குச் சொன்னார், எனக்கும் சேர்த்து: "குடிங்க மேடம். பெங்களூரு எங்கியும் போயிடாது."

சர்வீஸ்

சித்திரையில் சிவா வந்து கடிகாரத்தை மேசைமேல் வைத்தான். மூன்று மணிக்கட்டும் மூன்று அளவு. பட்டையின் கொக்கி தளர்ந்திருந்தது. பெண் வீட்டில் சம்மதமா என்று விசாரித்தேன். பெண்ணின் அப்பா கையைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். பெண் மட்டும் தனியே கேட்டாளாம். அவளிடம் பஸ் நிறுத்தம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அவள் சிரித்துவிட்டு, கல்யாணத்தன்று அது யார் டூட்டி என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

நான் கொக்கியை இறுக்கினேன். வினாடி முள் வழுக்கிக்கொண்டு போயிற்று. சாதாரணமாக இவ்வகைக் கடிகாரங்கள் ஓட்டம் நின்ற நிலையில்தான் என்னிடம் வந்து சேரும். இது இடையில் நின்றதுண்டா என்று கேட்டேன்.

"அது எப்படி நிக்கும் ஆயா? எங்க கூட்டத்துல பர்மனென்ட்டா டூட்டி பாக்கறது அது ஒண்ணுதான்."

இளைய தலைமுறையே ஆடம்பரக் கடிகாரத்தின் எதிர்காலம் என்பது நிரூபணமாகிவிட்ட மகிழ்ச்சியில் சென்னைக்காரர் இம்முறை இரண்டை அனுப்பி வைத்திருக்கிறார். நானும், ஷிப்ட் ஒத்துப்போகாத ஆறு நண்பர்களை எதிர்நோக்கிக் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன்.