பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டியது

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா, இரும்புக் கட்டிலில். பெரியம்மா, அவர் தலைமாட்டில், கையில் ஈரத்துணியோடு. பெரியப்பாவின் தம்பிகள் இரண்டு பேர், நாட்றாம்பாளையத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள். டீச்சர், அறையில் இருந்த ஒரே நாற்காலியில். என் அம்மா, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல். டெம்போ டிரைவர், பாதி உள்ளே, பாதி வெளியே. அப்புறம் நான், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு.

பெரியப்பாவைத் தவிர எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளிக்கூடம் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். மதுரைப் பக்கத்துக்காரர். ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இன்னொரு வகுப்பைப் படிக்கச் சொல்வார். பக்கத்தில் உட்கார வைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லி, காதால் கேட்பது என்பது முறை வைத்து நடக்கும். என் முறை மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு வரி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பாடத்தையே முடித்துவிடுவார்கள். டீச்சருக்கும் பாவம், பொறுமை அவ்வளவுதான்.

அதற்காக அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு குச்சி. ஒரு வரி படித்து முடித்ததும் குச்சியால் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். போர்டில் எழுதிக்கொண்டிருந்தாலும் தட்டுச் சத்தத்தை வைத்து யார் படிக்கிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வெளியிலிருந்து கேட்டால் தச்சுப் பட்டறை மாதிரி இருக்கும்.

பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். பெரியப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டினார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. ஒருநாள் செகண்ட் ஷிப்ட் முடிந்து வண்டியில் திரும்பும்போது லாரி அடித்துவிட்டது. பெங்களூரில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். பிறகு அனுப்பிவிட்டார்கள். உயிர் இருக்கிறது, மற்றது எங்களுக்குத் தெரியாது என்றாராம் டாக்டர்.

மூக்கில் குழாய். கண் திறந்தே இருக்கும். வீட்டில் தனியாக விட முடியாது. சமைக்கப் போகாமலும் இருக்க முடியாது. பள்ளிக்கூடச் சமையல் அறையை ஒட்டிப் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. பெரியம்மா டீச்சரைக் கேட்டார்.

"ஆபீசர் வந்தா ஸ்டாக் ரூம்னு சொல்லி வைக்கிறேன். உள்ள ஒரு சத்தம் வரக்கூடாது, பாத்துக்க."

"அவரு எங்க டீச்சர் சத்தம் போடப் போறாரு" என்றார் பெரியம்மா. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் அந்தப் பக்கம் ஒண்ணுக்குப் போவதைக்கூட நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவன் ஒருவன், கண்ணில் ஈ உட்கார்ந்தும் இமைக்கவில்லை என்று வந்து சொன்னான். நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஈ இமையிலிருந்து மூக்குக்கு நடந்தது. குழாய் மேல் நின்று கையைத் தேய்த்துக்கொண்டது. பெரியப்பா ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை அங்கே படிக்க அனுப்பியது டீச்சர்தான். "உங்க பெரியப்பா சும்மாத்தான படுத்திருக்காரு. அவர்ட்ட வாசிச்சுக் காட்டு. குறுக்க பேச மாட்டாரு" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா தெரியவில்லை. எனக்குப் பயம். ஆனால் டீச்சரிடம் இருந்த பயம் பெரிசு.

ஆமை ஏரிக்குப் போகிற பாடம். கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்தேன். ஆ, மை, ஏ, ரி, யைத், தே, டி. எழுத்து எழுத்தாகப் படித்து முடித்தேன். பெஞ்சு இல்லை. கட்டில் காலில் ஒரு தட்டுத் தட்டினேன். இரும்பு. டங்கென்றது.

பெரியப்பாவின் இரண்டு கையும் எழுந்தன.

ரொம்ப இல்லை. நான்கு விரல் உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்து, உடம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கட்டிலில் அழுந்தின. உள்ளங்கையால். அழுந்தி, விட்டன. முகத்தில் ஒன்றும் இல்லை. கண் ஓட்டிலேயே இருந்தது.

நான் ஓடவில்லை. ஏன் என்று தெரியாது. அடுத்த வரியைப் படித்தேன். தட்டினேன். கைகள் எழுந்து அழுந்தின.

மேலே படி என்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடிக்கும்வரை. தப்பாகப் படித்தாலும் திட்டாத, சீக்கிரம் என்று சொல்லாத ஒரு பெரிய ஆள் எனக்குக் கிடைத்திருந்தார். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் போனேன்.

பெரியம்மா ஒருநாள் முட்டை உரித்த கையோடு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு பெரியப்பா பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் தன் புருஷன் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். கை அசையவில்லை. காதோரம் குனிந்து தெலுங்கில் ஏதோ சொன்னார். பெரியப்பா வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். அசையவில்லை.

"நீ படி கண்ணு" என்றார்.

படித்தேன். தட்டினேன். கைகள் எழுந்தன. பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

தம்பிகள் வந்தது வேறு விஷயமாக. அண்ணனை ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். மலையில் வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூக்கில் குழாய் மாற்றுகிற ஆள் அங்கே யாரும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

"எத்தன நாளு அண்ணி இப்பிடியே வெச்சிருப்ப? அண்ணன் ஆத்மாவும் அலையுது, நீயும் அலையற."

"அவரு கேக்கறாரு. பாப்பா படிச்சா கைய ஆட்டி பதில் சொல்றாரு."

தம்பிகளில் பெரியவர் சின்னவரைப் பார்த்தார். "தமிழ்ப் பாடமா? நல்லா இருந்தப்பவே அண்ணன் தமிழ்ல கையெழுத்துப் போட மாட்டாரு. இப்ப எந்த கிளாஸ்ல சேந்துக்கறாரு?"

சின்னவர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வாங்க. பாருங்க. கை அசஞ்சா வுட்டுட்டுப் போயிடணும்."

"அசையலைன்னா?"

"கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன்."

அந்த வாரம் முழுக்க டீச்சர் என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டார். எழுத்துக் கூட்டாமல், வார்த்தை வார்த்தையாக, அப்புறம் வரி வரியாகப் படிக்கச் சொன்னார். கல்யாணத்துக்குப் பெண்ணைத் தயார் செய்வது போலச் செய்தார்கள். பெரியம்மா எனக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார். சனிக்கிழமை நான் ஆமைப் பாடத்தைத் தண்ணீர் ஊற்றுவது போலப் படித்தேன். டீச்சர் என் கன்னத்தைத் தட்டி, "இதப் பாத்துட்டு எவன் என்ன சொல்லுவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைசீவிப் பூ வைத்துவிட்டார்கள். என் கையில் இருந்த குச்சியைப் பெரியம்மாதான் வாங்கி வைத்தார்.

"சித்தப்பாங்க முன்னாடி கட்டில தட்டாத கண்ணு. பொணத்த எழுப்பற மாதிரி இருக்கும்."

படித்தேன். ஒரு எழுத்துக்கூட விடவில்லை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. ஆமை ஏரியைத் தேடி நடந்தது. வழியில் வெயில். வழியில் கல். நிறுத்தினேன். எல்லோரும் பெரியப்பாவின் கைகளைப் பார்த்தார்கள்.

கைகள் கிடந்தன.

"இன்னோர் தடவ படி" என்றார் பெரியம்மா.

படித்தேன். ஓட்டின் மேல் புறா நடக்கிற சத்தம் கேட்டது. ஹைவேயில் ஒரு லாரி போனது.

"இன்னோர் தடவ."

"போதும் அண்ணி" என்றார் பெரியவர். அந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை. சின்னவர் குனிந்து கட்டில் காலைப் பிடித்தார். என் அம்மா அக்காவின் தோளைப் பிடித்தார். பெரியம்மா அழவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டிலோடு தூக்கி டெம்போவில் வைத்தார்கள். கீழே போர்வை விரித்திருந்தது. பெரியம்மா துணிமூட்டையோடு முன் சீட்டில் ஏறினார். தம்பிகள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். டிரைவர் பின்கதவைத் தூக்கி அடித்துச் சாத்தினார். டங்கென்றது.

கைகள் எழுந்தன. அழுந்தின.

"ஆட்னாரு, கைய ஆட்னாரு" என்றேன்.

சின்னவர் பார்த்தார். அவர் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். முகம் வெளுத்துப் போனது. பெரியவர் என் பக்கம் திரும்பாமலே, "வண்டி ஆட்டத்துல ஆடுது பாப்பா" என்றார்.

இன்ஜினை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

மழைக்கு முன்பே பெரியப்பா போய்விட்டார். பெரியம்மா தனியாகத் திரும்பி வந்து பழையபடி சமைத்தார். அந்த அறையில் அரிசி மூட்டை அடுக்கினார்கள். சத்தமாகப் படிக்கிற என் முறை மறுபடியும் மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆயிற்று. நன்றாகப் படிக்கிறவள் என்பதால் சில மாதம் அதுவும் இல்லை. பெரியப்பாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் படித்தது பிடிக்கவில்லை போல என்று.

பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பிரஸ் ஷாப்பில் போட்டார்கள். முதல் நாள் ஒரு அக்கா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்.

"ரெண்டு பட்டன் இருக்குது பாரு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டு கையும் ஒண்ணா அழுத்தணும். உள்ளங்கையால. ஒரு கை அழுத்தினா எறங்காது. கை உள்ள போயிடக் கூடாதுன்னு அப்பிடி வெச்சிக்கறாங்க. சத்தம் வந்ததும் பீஸ எடு, அடுத்தத வை, மறுபடி அழுத்து. யோசிக்காத. ரெண்டு நாள்ல கை தானா போவும்."

அழுத்தினேன். மெஷின் இறங்கியது. டங்கென்றது. எடுத்தேன், வைத்தேன். என் கைகள் இரண்டும் நான்கு விரல் உயரம் எழுந்தன. அப்படியே நிறுத்திவிட்டேன்.

"என்னா, பயமா?"

"இல்லக்கா."

என் வாசிப்பு அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. குச்சிச் சத்தம் விழுந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் அடுத்த பீஸை ஓட்டினார். நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் ஷிப்டில் இருந்தார். நான் மணி அடிக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாளும் டீக்கு விட்டதில்லை.

அக்கா மெஷினுக்கு மேலே இருந்த போர்டைக் காட்டினார். ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆள் எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது.

ஆயிரத்து அறுநூறு.