சத்தமில்லாத அறையில் பழக்கிய குரல்

திருப்பூரில் பேச்சுப் பயிற்சியாளராக நான் தொழில் தொடங்கிய புதிதில் வந்தவர்கள் பெரும்பாலும் பேச்சு வராத குழந்தைகளும் வாதத்தில் வாய் கோணியவர்களும்தான். குரலைப் பெண் குரலாக்க வேண்டும் என்று முதன்முதலில் வந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துத் திருநங்கை. ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. பெண் என்றே சேர்த்திருந்தார்கள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று, தொண்டைப்புண் எனச் சைகை காட்டியே மூன்று மாதம் ஓட்டியிருந்தாள்.

ஞாயிறுதோறும் வருவாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்காருவோம். டேப்பில் பதிவு சுத்தமாக வர வேண்டுமே! மெல்லத் தொடங்கு, முடிக்கும்போது குரலை இறக்காதே என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். எட்டாவது மாதம், காதர்பேட்டை பனியன் கடை ஒன்றுக்குப் போன் போட்டு விலை கேட்கச் சொன்னேன். "சொல்லுங்க அம்மணி" என்றார் கடைக்காரர். அவள் அழுதாள். அந்த வாரமே கம்பெனியிலும் வாயைத் திறந்து பேசத் தொடங்கினாள். நான் என்னையே மெச்சிக்கொண்டேன், மடச்சி.

பவர் டேபிள் என்கிற தையல் மெஷின்கள் வரிசையாக இரைந்து ஓடும் இடத்தில் யார் மெல்லப் பேசுகிறார்கள்? அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். இந்த ஊரிலேயே குடியிருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் தையல்காரப் பெண் ஒருத்தியின் துப்பட்டா, மேசைக்கடியில் ஓடும் பெல்ட்டில் சிக்கிக் கழுத்தை இழுத்திருக்கிறது. அதைப் பார்த்த இவள், "மெஷின நிறுத்துங்க!" என்று கத்தியிருக்கிறாள். வந்தது பழைய குரல். மெஷின் நின்றது, அந்தப் பெண் பிழைத்தாள். எல்லோரும் இவளைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "பொம்பளப் புள்ளைங்க சங்கடப்படறாங்க. இனி வர வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாராம். இந்த ஊரில் துரத்துவதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள். இவள் வரும் கக்கூஸுக்கு நான் போக மாட்டேன் என்று முதலில் புகார் சொன்னது பிழைத்த அந்தப் பெண்ணேதான். கேட்டதும் அந்தப் பெண்ணை ஓங்கி அறையலாம் போலிருந்தது எனக்கு.

"அவள விடுங்க மேடம். கத்துறதுக்கு நீங்க சொல்லித் தரவேயில்லியே" என்றாள் இவள்.

தப்பு என்னுடையதுதான் என்றேன். அடுத்த ஞாயிறு முதல் அதைப் பழகலாம் என்றேன்.

"பழகிட்டு எந்தக் கம்பெனில போய் மேடம் கத்த?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.